தோட்டத்தாரும் நாட்டாரும் சேர்ந்து ஒரு கதைத்துணி தைப்பது எப்படி?

இலங்கை மலையகத்தில் பல தேயிலைத் தோட்டங்களுக்கும், தோட்டத்தார் 'நாடு' என்று சொல்லும் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கும் நடுவில் ஓர் ஓடையோ ஒரு வேலியோதான் இருக்கும். தோட்டத்துப் பெண்கள் நாட்டுப்பக்கத்துக் கடையில் அரிசி வாங்குகிறார்கள். நாட்டு மரக்கறி வியாபாரி லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு) வாசலுக்கு வருகிறார். பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் ஏறி வேறு வேறு பள்ளிக்கூடத்தில் இறங்குகிறார்கள். பழக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டில் என்ன நடந்தது, அந்த அம்மா எதை நினைத்து மழை இரவில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டால் இரண்டு பக்கத்திலும் பதில் இருக்காது.

இந்த வழிகாட்டி 24 பேர் சேர்ந்து எட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் 6 அடிக்கு 4 அடி துணி ஒன்றைத் தைப்பதற்கானது. ஆளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு கதை. கிழமையையும் அளவையும் ஆட்களின் எண்ணிக்கையையும் உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம். ஒரு விதியில் மட்டும் கை வைக்காதீர்கள்: அவரவர் கதையை அவரவர் தைப்பதில்லை. உங்கள் கதையை எதிர்ப்பக்கத்தவர் தைப்பார், அவர் கதையை நீங்கள் தைப்பீர்கள். தைத்தது சரியில்லை என்று சொல்லும் உரிமை கதைக்குச் சொந்தக்காரருக்கே.

சுவரை விட்டுத் துணிக்கு வந்தது ஏன்

சமூக ஓவியம் என்றதும் எல்லோரும் சுவரைத்தான் பார்ப்பார்கள். மலைநாட்டில் சுவர் மூன்று விதத்தில் காலை வாரும். முதலாவது ஈரம். பாதையோரம் பெரிதாக நிற்கும் சுவர்கள் பெரும்பாலும் மண்ணைத் தாங்கும் அணைச்சுவர்கள். பின்னாலிருந்து நீர் கசிந்துகொண்டே இருப்பதால் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழைக்குக் கொப்புளம் போடும். இரண்டாவது சொந்தம். லயத்துச் சுவர் தோட்ட நிர்வாகத்துடையது, அதற்குள் குடியிருப்பவர் வேறு. துரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு குடியிருப்பவரைக் கேட்காமல் அவர் வீட்டு வாசலில் படம் வரைவது எந்த வகை அன்பு என்று எனக்குப் புரிவதில்லை.

மூன்றாவதுதான் பெரிய காரணம். 2019 ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளைஞர்கள் சுவர்களுக்கு வர்ணம் பூசினார்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் பல ஊர்களில் பழைய அரசர்களும் யுத்த வீரர்களுமே திரும்பத் திரும்ப வந்தார்கள். யாருடைய கதைக்குச் சுவரில் இடம் கிடைக்கிறது என்ற கேள்வி அப்போதே எழுந்தது. சுவர் என்றால் அதைப் பிடித்தவர் கதைதான் நிற்கும். துணியை மடித்து எடுத்துக்கொண்டு போகலாம். இந்த மாதம் தோட்டத்தில் இருந்தால் அடுத்த மாதம் நாட்டில் இருக்கும்.

துணியில் கதை சொல்வது புதிய யோசனையும் அல்ல. சிலியில் 1973 இராணுவப் புரட்சிக்குப் பிறகு காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்துப் பெண்கள், சாக்குத் துணியில் கந்தல்களை வைத்துத் தைத்துத்தான் நடந்ததை உலகத்துக்குச் சொன்னார்கள். அமெரிக்காவில் 1987இல் எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக ஆளுக்கு 3 அடிக்கு 6 அடி துணி தைத்து வாஷிங்டனில் விரித்தார்கள்.

கதை மாற்றும் விதி என்ன செய்கிறது

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்டின் நகரில், வெள்ளை, கறுப்பு, மெக்சிக்கப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது சண்டை ஓயவில்லை. 1971இல் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டு போட்டு, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். மற்றவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காவிட்டால் முழுப்பாடம் யாருக்கும் கிடைக்காது. "ஒற்றுமையாக இருங்கள்" என்று அவர் யாருக்கும் புத்தி சொல்லவில்லை, வேலையையே அப்படி அமைத்துவிட்டார். இங்கும் அதே கணக்குதான். எதிரில் இருப்பவர் சொல்வதைச் சரியாகக் கேட்காவிட்டால் உங்கள் கையில் இருக்கும் கட்டம் வெறுமையாகவே கிடக்கும்.

இன்னோர் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட். இரண்டு கூட்டத்தார் பழகினால் மட்டும் வெறுப்புக் குறைந்துவிடாது, அதற்கு நான்கு நிபந்தனைகள் உண்டு என்று 1954இலேயே எழுதினார். இருவருக்கும் சம அந்தஸ்து, பொதுவான ஓர் இலக்கு, போட்டியில்லாத கூட்டு வேலை, மேலிடத்தின் ஆதரவு. கடைக்காரரும் கடன் வாங்குபவரும் தினமும் பழகுகிறார்கள், ஆனால் அங்கே முதல் நிபந்தனையே இல்லை. நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இந்த நான்கோடு உரசிப் பாருங்கள்.

ஆட்களைச் சேர்த்தல்

தோட்டத்தில் 12 பேர், நாட்டில் 12 பேர். டவுனில் முஸ்லிம் குடும்பங்கள் இருந்தால் அவர்களையும் அழையுங்கள், ஆனால் பேருக்கு ஒருவரை மட்டும் அழைக்காதீர்கள். தனி ஆள் என்றால் எல்லாக் கேள்விக்கும் தன் சமூகத்தின் பிரதிநிதியாகப் பதில் சொல்ல வேண்டிய நிலை வரும். இருவர் மூவராக வரட்டும்.

பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பொறுப்பாளர்கள் வேண்டும், இருவரும் ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும். தோட்டத் தலைவர், கோயில் கமிட்டி, பன்சலையின் (பௌத்த விகாரையின்) தலைமை பிக்கு, கிராம சேவகர், தோட்ட நிர்வாகம் எல்லோருக்கும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆல்போர்ட் சொன்ன மேலிடத்து ஆதரவு இதுதான். ஆனால் மேலிடத்தை மேடையேற்ற வேண்டாம், பேனர் கட்ட வேண்டாம். பேனர் கட்டினால் மாலை வேண்டும், மாலை போட்டால் பேச்சு வேண்டும், பேச்சு முடியும்போது பஸ் போய்விடும்.

தையல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஊசியில் நூல் கோர்க்கத் தெரிந்தால் போதும். ஆண்களும் தைக்கலாம். தைக்க மனமில்லாதவர்கள் அந்த இரண்டு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றட்டும். அதைச் செய்ய ஆள் இல்லாவிட்டால் சின்னப்பிள்ளைக்காரிகள் யாரும் வரமாட்டார்கள்.

எப்போது, எங்கே

ஞாயிறு பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணி வரை. போயா (பௌர்ணமி) நாள் வேண்டாம். விடுமுறைதான், ஆனால் நாட்டு அம்மாக்கள் வெள்ளை உடுத்திச் சில் என்ற விரதம் எடுக்கப் பன்சலைக்குப் போவார்கள். கொழுந்து மலிந்து வரும் மாதங்களும் வேண்டாம். அந்த ஞாயிறுகளில் தோட்டத்துப் பெண்கள் கைக்காசுக்கு மலைக்குப் போவார்கள், ஒரு துணிக்காக அந்தக் காசை விடச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஹட்டன், நுவரெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஆனால் மாசியில் காமன் கூத்து நடக்கும் தோட்டமாக இருந்தால் அந்த நாட்களைத் தாண்டிப் போங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்லது.

முதல் கூட்டம் தோட்டத்தில் நடக்கட்டும். தோட்டத்தார் நாட்டுப்பக்கம் போவது அன்றாடம் நடப்பது. நாட்டார் லயத்துக்குள் வந்து உட்கார்வதுதான் அபூர்வம். ஆனால் இதைப் பெண்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காம்பராவுக்குள் (லயத்து அறைக்குள்) ஆட்களைக் கூப்பிடக் கூச்சப்படுவார்கள், அதில் நியாயமும் உண்டு. பிள்ளைக்காம்பராவோ (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையமோ) பாடசாலை மண்டபமோ போதும். அடுத்தடுத்த வாரங்களில் மாறி மாறி வைத்துக்கொள்ளுங்கள்.

மொழியிலும் இதே கணக்கு. தோட்டத்தில் பலருக்குச் சிங்களம் வரும், நாட்டில் தமிழ் தெரிந்தவர் குறைவு. சும்மா விட்டால் கூட்டம் முழுக்கச் சிங்களத்தில் ஓடும், தோட்டத்தார் வழக்கம்போல வளைந்து கொடுப்பார்கள். ஆகவே ஒரு வாரம் சிங்களத்தில் பேசித் தமிழில் பெயர்ப்பு, அடுத்த வாரம் தமிழில் பேசிச் சிங்களத்தில் பெயர்ப்பு. தமிழ் வாரத்தில் நாட்டு அம்மா பெயர்ப்புக்காகக் காத்திருக்கும் அந்த அரை நிமிடம் வீண் போவதில்லை. ஆஸ்பத்திரியிலும் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்திலும் தோட்டத்தார் எத்தனை வருடமாக இப்படிக் காத்திருக்கிறார்கள் என்று யாரும் விளக்கத் தேவையிருக்காது.

சாமான்

45 அங்குல அகலக் காடாத் துணி மூன்றரை மீட்டர். கட்டாயம் நனைத்துக் காயவைத்து, சுருங்க விட்டுப் பிறகு வெட்டுங்கள். 14 அங்குலச் சதுரமாக வெட்டினால் அகலத்தில் மூன்று வரும், எட்டு வரிசையில் 24 கட்டம் கிடைக்கும். சுற்றிலும் ஓர் அங்குலம் தையலுக்குப் போக, 12 அங்குலக் கட்டம் மிஞ்சும். அந்த எல்லையைப் பென்சிலால் முதலிலேயே கோடு போட்டுவிடுங்கள். பின்பக்கத்துக்குப் பழைய நூல் சேலை ஒன்றை இரண்டாக வெட்டி நீளவாட்டில் மூட்டினால் போதும். நைலோன் சேலை வழுக்கும், வேண்டாம்.

படத்துக்கான துணிகளை விலைக்கு வாங்காதீர்கள், வீட்டிலிருந்து வரட்டும். சாரம், பழைய கம்பளி, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு, கிழிந்த ஒசரி (கண்டிச் சேலை). பள்ளிக்கூட வெள்ளைச் சீருடை தோட்டத்திலும் நாட்டிலும் டவுனிலும் எல்லா வீட்டிலும் இருக்கும். சுற்று ஓரத்துக்கு அதைச் சேர்த்து வையுங்கள்.

ஒரு தடை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: புத்தர் உருவம், சாமிப் படம், வேத வசனம், மதச் சின்னம், கட்சி நிறம், கொடி எதுவும் துணியில் வேண்டாம். இது மிகையான பயம் அல்ல. 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணின் உடுப்பில் இருந்த கப்பல் சுக்கான் சக்கரத்தைப் பௌத்தரின் தர்மச்சக்கரம் என்று சொல்லி அவரைக் கைது செய்தார்கள். அந்தக் கைது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் பிறகு தீர்ப்பளித்தது, ஆனால் அதற்கு வருடங்கள் போயின. துணி என்பது மடிக்கவும் துவைக்கவும் தரையில் விரிக்கவும் படுவது. சாமிக்கு அது இடமில்லை என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

முதல் ஞாயிறு

ஆளுக்கொரு பொருள் கொண்டு வரச் சொல்லுங்கள், வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் ஏதாவது. பழைய செக்ரோல் (சம்பளப் பதிவு) துண்டு, அம்மாவின் வெற்றிலை உரல், நெல் அளந்த படி, யாரோ இந்தியாவிலிருந்து போட்ட கடிதம். பொருளை நடுவில் வைத்து அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொன்னால் போதும். "உங்கள் துன்பத்தைச் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்தால் யாருக்கும் வாய் வராது.

பேச்சு தடுமாறினால் கூத்தைப் பற்றிக் கேளுங்கள். தோட்டத்தில் காமன் கூத்தில் யார் மன்மதன் வேஷம் கட்டினார், ரதி அழும்போது யாரெல்லாம் சேர்ந்து அழுதார்கள் என்று கேட்டால் பெரியவர்கள் விடிய விடியச் சொல்வார்கள். கண்டிப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களில் சொக்கரி என்று ஒரு நாடகம் உண்டு. அறுவடை முடிந்த களத்தில் இரவில் ஆடுவது. இந்தியாவிலிருந்து கடல் கடந்து இலங்கைக்கு வரும் ஒரு குருவும் அவர் மனைவி சொக்கரியும் வந்த இடத்தில் படும் பாடுதான் அதில் கதை. தோட்டத்தில் பலர் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள். தங்கள் பாட்டன்மார் வந்த வழியைப் பக்கத்து ஊரில் நாடகமாகவே ஆடியிருக்கிறார்கள் என்று தெரியும்போது சபை நிமிர்ந்து உட்காரும்.

அன்று கடைசியில் ஜோடி ஜோடியாகப் பிரியுங்கள், தோட்டத்தில் ஒருவர், நாட்டில் ஒருவர். ஏற்கனவே கொடுக்கல் வாங்கல் இருப்பவர்களை ஒரே ஜோடியில் போடாதீர்கள்.

கதை கேட்கும் இரண்டு ஞாயிறுகள்

ஒருவர் பதினைந்து நிமிடம் பேசுவார், மற்றவர் கேட்பார். பிறகு கேட்டவர் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ஆமா, அதுதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே இடம் மாறலாம். இந்தத் திருப்பிச் சொல்லல்தான் எட்டு வாரத்தில் மிகக் கடினமான வேலை. பாதிப்பேர் தங்கள் அபிப்பிராயத்தைச் சேர்த்துவிடுவார்கள், இல்லாவிட்டால் "எங்க வீட்லயும் அப்படித்தான்" என்று தங்கள் கதைக்குத் தாவிவிடுவார்கள். பொறுப்பாளர் மெதுவாகத் திருப்பி இழுக்க வேண்டும்.

கேள்விகள் சின்னதாக இருக்கட்டும். பள்ளிக்கூடம் போன பாதை எப்படி இருந்தது? வீட்டில் முதலில் எழுந்திருப்பது யார்? மழையில் பயந்த இரவு எது? கடைசிக் கேள்வியை விடாதீர்கள். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை இரண்டு பக்கத்தாரும் மறக்கவில்லை. மண் அசையும் சத்தத்தைப் பற்றிய பயம் இரு பக்கத்துக்கும் பொதுவானது, அதிலிருந்து பேச்சு தானாக ஆழமாகும்.

ஆழமாகும்போது காணி வரும். நாட்டார் சொல்வார்கள்: எங்கள் மூதாதையர் சேனை (காட்டை எரித்துச் செய்யும் பயிர்) செய்த மேட்டுக்காணியை வெள்ளைக்காரன் பிடுங்கித் தோட்டம் ஆக்கினான். உண்மைதான். பத்திரம் காட்ட முடியாத காணியை 1840ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானிய முடிக்குச் சொந்தமாக்க, அது கோப்பித் தோட்டக்காரர்களுக்குப் போனது. தோட்டத்தார் சொல்வார்கள்: அந்த மண்ணில் உழைக்கக் கொண்டுவந்து, 1948இல் குடியுரிமையைப் பறித்து, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவிட்டார்கள், அக்காவும் தங்கையும் பிரிந்தார்கள். அதுவும் உண்மை. இரண்டையும் தராசில் போடாதீர்கள். இரண்டு குறையும் ஒரே தோட்டத்தின் வரலாற்றிலிருந்து வந்தவை என்பதை யாராவது ஒருவர் தானாகவே சொல்வார். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

1977, 1983 ஆண்டுகளில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களைப் பற்றியும் யாராவது பேசக்கூடும். அதற்கு முன்கூட்டியே மூன்று ஏற்பாடு வேண்டும். முதலாவது, யாரும் "போதும்" என்றால் அந்த இடத்தில் பேச்சு நிற்கும், ஏன் என்று கேட்கக்கூடாது. இரண்டாவது, ஒலிப்பதிவு இல்லை, போன் எல்லாம் ஒரு கூடைக்குள். மூன்றாவது, அழுகை நிற்காமல் கலங்கிப்போகிறவரைத் தனியாக அனுப்பக்கூடாது, ஒருவர் வீடு வரை போக வேண்டும். தொடர்ந்து தூக்கமில்லாமல் இருந்தால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணையும் கொடுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர் தன் இனத்துக்காக மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால் தடுக்க வேண்டாம், ஆனால் அதை எதிர்பார்த்தும் உட்கார வேண்டாம். எந்தக் கதையைத் துணியில் ஏற்றலாம் என்று முடிவு செய்பவர் சொன்னவர் மட்டுமே. கனமானதைச் சொல்லிவிட்டு "இத வேணாம், பள்ளிக்கூடப் பாதைய போடுங்க" என்பவர் இருப்பார். பள்ளிக்கூடப் பாதையே போகட்டும்.

வரைவும் திருத்தமும்

நான்காம் ஞாயிறு தாளில் வரைவு. 12 அங்குலத் தாளில் பெரிய வடிவங்களாக வரையச் சொல்லுங்கள், துணியில் வெட்டித் தைக்க வேண்டியது என்பதால் நுணுக்கம் எடுபடாது. கை குலுக்கல், வெள்ளைப் புறா, மூன்று நிறத்துப் பூ மூன்றுக்கும் அனுமதியில்லை. அந்தச் சித்திரங்களை யாருடைய கதையையும் கேட்காமலே வரைந்துவிடலாம், அதுதான் காரணம்.

அரைமணி நேரத்தில் மண்டபத்தில் சத்தம் கிளம்பும். நான் பார்த்த ஒரு வரைவில் நாட்டு அக்கா ஒருவர் கொழுந்து எடுக்கும் பெண்ணின் கையில் கூடையைக் கொடுத்து, முகத்தில் சிரிப்பும் போட்டிருந்தார், தேயிலைப் பெட்டியில் இருப்பது போல. எதிரில் இருந்த அம்மா தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கூட கையில வராதுங்க, கயிறு நெத்தியில ஏறும், பாரம் கழுத்துலதான்" என்று எழுந்து, துவாயை மடித்து உச்சியில் வைத்து, கயிறு விழும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அந்த அக்காவையும் மாட்டிப் பார்க்கச் சொன்னார். இரண்டு வெங்காய மூட்டையைக் கூடையில் போட்டு மாட்டினார்கள். அழித்துத் திரும்ப வரைந்தபோது கழுத்து முன்னால் குனிந்திருந்தது, சிரிப்பு போயிருந்தது. அந்த அம்மா வரைந்த கலியாணப் படத்திலும் திருத்தம் வந்தது. சேலையைத் தன் வீட்டுக் கட்டிலேயே போட்டிருந்தார், ஒசரியில் இடுப்பைச் சுற்றி வெளியே விழும் மடிப்பு இல்லை. அது தன் அம்மா கையால் பிடித்து விட்ட மடிப்பு என்றும், அம்மா அதே மாதம் இறந்துபோனார் என்றும் அக்கா அப்போதுதான் சொன்னார். கதை சொன்ன வாரத்தில் அது வரவேயில்லை.

திருத்தச் சொல்பவர் "அழகாக இல்லை" என்று சொல்லக்கூடாது, "அப்படி நடக்கவில்லை" என்றுதான் சொல்லலாம். எத்தனை தரம் வேண்டுமானாலும் திருத்தலாம். அந்த வாரம் முடியாவிட்டால் அடுத்த வாரத்தையும் கொடுங்கள், தையலில் ஒரு ஞாயிறு குறைந்தால் நட்டமில்லை.

தையல்

வடிவத்தைத் தாளில் வெட்டி, துணிமேல் வைத்து, சுற்றிலும் கால் அங்குலம் கூட விட்டு வெட்டுங்கள். ஓரத்தை உள்ளே மடித்துக் குண்டூசி குத்தி, சுற்றித் தைக்க வேண்டும். முகம், கயிறு, மழைக்கோடு போன்றவற்றுக்கு இரட்டை நூலில் ஓட்டுத்தையல் போதும். படங்குச் சாக்கு பிரியும், அதன் ஓரத்தை முதலில் கட்டித் தையுங்கள்.

ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். வேலையை வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டுக்குப் போனால் நன்றாகத் தைக்கத் தெரிந்த மருமகள் முடித்துக் கொண்டுவந்து தருவாள், துணி அழகாக இருக்கும், வேறு ஒன்றும் நடந்திருக்காது. கை ஊசியில் இருக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. நேருக்கு நேர் சொல்லாததெல்லாம் இந்த வாரங்களில் வரும். பொறுப்பாளர் இங்கே செய்ய வேண்டியது நூல் கோர்த்துக் கொடுப்பது மட்டும்.

மூட்டுதல், காட்டுதல், வைத்தல்

கட்டங்களைத் தரையில் பரப்பி வரிசையை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். ஜோடிக் கட்டங்கள் பக்கத்தில் வர வேண்டும், தோட்டம் ஒரு பாதி, நாடு ஒரு பாதி என்று மட்டும் வைக்காதீர்கள். மூட்டுவது மெஷின் வேலை. டவுன் தையல்காரர் ஒருவரிடம் கொடுத்தால் ஒரு பிற்பகலில் முடித்துவிடுவார். கதைகளையும் அவருக்குச் சொல்லுங்கள், வெறும் துணித்துண்டு என்று தைக்க வேண்டாம். மேல் ஓரத்தில் கம்பு நுழைக்க ஒரு குழாய்மடிப்பு வையுங்கள்.

காட்டும் நாளில் ஒவ்வொரு கட்டத்தையும் தைத்தவர் விளக்க வேண்டும், கதைக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும். இந்த ஒழுங்கை எந்தப் பிரமுகருக்காகவும் மாற்றாதீர்கள். பெயரைத் துணியில் தைப்பதா வேண்டாமா என்பதை ஆளாளுக்குக் கேளுங்கள். படம் எடுத்து இணையத்தில் போடுவதற்குத் தனியாக அனுமதி வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் அவர் கட்டம் படத்தில் வரக்கூடாது.

பிறகு துணி எங்கே இருக்கும் என்பதற்கு ஒரு கொப்பி போடுங்கள். மூன்று மாதம் தோட்டத்து வாசிகசாலையில், மூன்று மாதம் நாட்டுப் பாடசாலையில், கொடுத்தவர் வாங்கியவர் கையெழுத்தோடு. மலைநாட்டு ஈரத்தில் பொலித்தீனில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய நூல் வேட்டியில் சுருட்டி, வேப்பிலையோ பூச்சி உருண்டையோ போட்டு, இடம் மாறும் நாளில் எல்லாம் வெயில் காட்டுங்கள். பிறகு ஒருநாள் யாராவது வந்து தன் கதையைக் கழற்றித் தரச் சொன்னால் காரணம் கேட்காமல் தையலைப் பிரித்துக் கொடுங்கள். மிச்சம் வைத்த காடாத் துணியில் வெறும் கட்டம் ஒன்றைப் பொருத்தினால் போதும். அதற்காகவே மூன்றரை மீட்டர் வாங்கச் சொன்னேன்.